கிழங்கு வயல்களில் வசந்தம்

ஹாலந்து தேசத்தில் லெய்டன் நகரத்துக்கும் ஹார்லெம் நகரத்துக்கும் இடையே, வட கடலின் மணற்குன்றுகளை ஒட்டி நீண்டு கிடக்கும் பிரதேசத்துக்கு ஏப்ரல் மாதத்தில் போகிறவர்கள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாகப் பாத்தி பாத்தியாகப் பூத்து நிற்கும் துலிப் செடிகளைக் கண்டு பிரமித்துவிட்டு, இத்தனை பூவையும் பறித்து எந்தச் சந்தைக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்பது வழக்கம். கேள்வி நியாயமானதே, பதில்தான் கேட்டவரைத் திகைக்க வைக்கும். இந்த வயல்களில் பூக்கும் பூ பெரும்பாலும் எந்தச் சந்தைக்கும் போவதில்லை. பூக்கடைக்குப் போகும் துலிப், கண்ணாடிக் கூடங்களுக்குள் வேறு விதமாக வளர்க்கப்படுவது. திறந்த வயலில் விவசாயி வளர்ப்பது மண்ணுக்குள் இருக்கும் கிழங்கை. மேலே தெரியும் புஷ்பம் அவன் விரும்பாமலே வந்து சேரும் ஓர் உபரிப் பொருள், அதுவும் சில நாளைக்குள் வெட்டிக் கழிக்க வேண்டிய உபத்திரவம்.

இந்த விசித்திரத்தின் உள்விவரங்களைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவனுக்குச் சைக்கிளைவிடத் தகுந்த வாகனம் கிடையாது. ரயிலில் போனால் இரண்டு நகரங்களுக்கும் இடையிலுள்ள தூரம் 30 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஃபோர்ஹவுட், சாஸன்ஹைம், லிஸ்ஸெ, ஹில்லெகொம் என்று கிராமம் கிராமமாக வளைந்து வளைந்து மிதித்துப் போனாலும் ஒரு பகற்பொழுது போதும். சந்திப்புக்குச் சந்திப்பு எண் பலகைகள் நட்டிருப்பதால், எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டவனுக்கு வழி கேட்கும் அவசியமே ஏற்படாது. பெல்ஜியத்தில் 1990-களில் தோன்றிய இந்த ஏற்பாடு இப்போது ஹாலந்து முழுவதும் பரவியிருக்கிறது.

பூமி தட்டையாக இருப்பதால் சிரமமே இராது என்று எண்ணுகிறவன் மட்டும் காற்றைக் கணக்கில் சேர்க்க மறந்தவன். நிமிர்ந்து உட்கார்ந்து, காற்றசைவே இல்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்கு, சக்கரத்தின் உராய்வையும் காற்றின் தடையையும் சேர்த்து ஏறக்குறைய 50 வாட் சக்தி போதும். அதே வேகத்தில் போகும்போது எதிர்காற்றும் மணிக்கு 15 கிலோமீட்டராக வீசினால், தடையானது காற்றின் சார்பு வேகத்தின் வர்க்கத்தை அனுசரித்து ஏறுகிறபடியால், அவன் 120 வாட்டுக்குமேல் செலவிட வேண்டியிருக்கும். அந்தக் கடற்கரையில் தென்மேற்குக் காற்றே அதிகம் என்பதால், லெய்டனில் புறப்பட்டு வடக்கே ஹார்லெமை நோக்கிப் போவதுதான் புத்திசாலித்தனம். மெதுவாகப் போகும் சைக்கிள் ஏன் தள்ளாடுகிறது என்ற சந்தேகத்துக்கும் அந்தப் பக்கத்திலேயே விடை உண்டு. லெய்டனுக்குத் தெற்கே உள்ள டெல்ஃப்ட் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அமெரிக்கச் சகாக்களோடு சேர்ந்து 2007-ல் வெளியிட்ட கணக்கின்படி, அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரிச் சைக்கிள் வினாடிக்கு 4.3 மீட்டர் முதல் 6 மீட்டர் வரையுள்ள வேகத்தில் எவருடைய உதவியுமின்றித் தானே நிமிர்ந்து ஓடும். வேகம் அதற்குக் குறைந்தால் கைப்பிடியை ஓயாமல் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். பூவைப் பார்த்துக்கொண்டே மிதிக்கிறவன் வாய்க்காலில் விழாமல் இருப்பது அவன் அறியாமல் அவன் கைகள் செய்துவரும் இந்தத் திருத்தத்தால்தான்.

வாய்க்கால் என்றேன், உண்மையில் இந்தப் பிரதேசத்தின் ரகசியமே வாய்க்கால்களிலும் மணலிலும் இருக்கிறது. ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிக் கடல் அலையும் காற்றும் கரையோரமாக வரிசை வரிசையாகக் குவித்த பழைய மணல் மேடுகள் இங்கே இருந்தன. கிளிஞ்சல் பொடி கலந்திருப்பதால் சுண்ணாம்புச் சத்து மிகுந்த மணல் அது. பதினேழாம் நூற்றாண்டு முதல் நகரங்கள் பெருகப் பெருக, சதுப்பு நிலத்தில் வீடு கட்டுவதற்கும், பிற்காலத்தில் ரயில் பாதை போடுவதற்கும் மணல் வேண்டியிருந்தபடியால், மேடுகளை வெட்டி, அதற்கென்றே தோண்டிய கால்வாய்களின் வழியே படகு படகாக ஏற்றிக்கொண்டு போனார்கள். மேடு போன இடத்தில் மிஞ்சியது, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சமதளமாகக் கிடந்த மணல் தரை. சாதாரணப் பயிருக்கு உதவாத அந்தத் தரை, கிழங்குப் பயிருக்கு வேண்டுமென்றே தயார் செய்தாற்போல் அமைந்துவிட்டது. கிழங்குக்கு ஒவ்வாதவை இரண்டு: ஒன்று தாகம், மற்றொன்று ஈரம் தேங்குவது. நுண்மணலில் நிலத்தடி நீர் மணற்பரல்களின் இடுக்கு வழியாகத் தானே மேலேறும் இயல்புடையது; ஆகவே வாய்க்கால்களிலுள்ள நீர்மட்டத்தைத் தரைக்குச் சுமார் 60 சென்டிமீட்டர் கீழே நிறுத்தி வைத்தால், வேருக்கு எட்டும் அளவுக்கு ஈரம் எப்போதும் ஏறிக்கொண்டிருக்கும், கிழங்கு அழுகும் அளவுக்கு நீர் ஒருபோதும் தேங்காது. மழைக்காலத்தில் இறைத்து வெளியேற்றியும், வறட்சியில் உள்ளே விட்டும் இந்த மட்டத்தைக் காக்கிறார்கள். அறுவடையின்போது மணல் உதிர்ந்து கிழங்கு சுத்தமாக வெளிவருவது இன்னொரு சௌகரியம்.

துலிப் ஹாலந்தில் தோன்றிய செடி அன்று. மத்திய ஆசியாவின் தியான் ஷான், பாமிர் மலைச்சாரல்களே அதன் பூர்விகம். துருக்கிய சுல்தான்களின் தோட்டங்கள் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்தது. கரோலஸ் குளூசியஸ் என்ற தாவர சாஸ்திரி, முதுமையில், 1593-ல் லெய்டன் பல்கலைக்கழகத்தின் மூலிகைத் தோட்டத்தை அமைக்க வந்தபோது தம்முடன் கிழங்குகளையும் கொண்டுவந்தார். மறு வசந்தத்தில் அவை பூத்தன. சைக்கிள் பிரயாணத்தை அந்தத் தோட்டத்து வாசலிலிருந்தே தொடங்கலாம். இதே தோட்டத்தைப் பதினேழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் நிர்வகித்த பால் ஹெர்மன் என்பவர், அதற்கு முன் டச்சுக் கம்பெனியின் வைத்தியராக இலங்கையில் இருந்து, அத்தீவின் செடிகொடிகளைச் சேகரித்து உலர்த்தி வைத்தவர். அந்தச் சேகரிப்பைக் கொண்டே லின்னேயஸ் 1747-ல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலை எழுதினார் என்பதை இங்கே நினைத்துக்கொள்வது தமிழ் வாசகருக்குத் தகும்.

வயல்களுக்குள் நுழைந்தால், பூக்கள் ஓர் ஒழுங்குடன் வந்து போவது தெரியும். மார்ச் மாதத்தில் குரோகஸ், மாதக் கடைசியில் நார்சிஸஸ், ஏப்ரல் நடுவில் ஹயசிந்த், அதன்பின் மே மாதத் தொடக்கம் வரை துலிப். ஹயசிந்த் பூத்திருக்கும் நாளில் வர்ணம் கண்ணில் படுவதற்கு முன்பே, காற்று வரும் திசையிலிருந்து கனத்த வாசனை மூக்கை எட்டிவிடும். மோட்டார்க் கண்ணாடிக்குள் இருப்பவனுக்கு இந்த அனுபவம் இல்லை. ஹயசிந்த் கிழங்கு தானாகப் பெருகுவதில் மகா மந்தமானது. ஆகவே அதன் அடித்தட்டைக் கத்தியால் குடைந்தெடுத்துவிடுகிறார்கள். காயம் பட்ட செதில்களின் விளிம்பில் பயறளவு குட்டிக் கிழங்குகள் டஜன் கணக்கில் முளைக்கின்றன. அவை விற்பனைக்கு ஏற்ற பருமன் அடைய மூன்று நான்கு வருஷம் பிடிக்கும். நார்சிஸஸைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போகலாம்: எலியும் ஆடுமாடும் தொடாத அளவுக்கு விஷச்சத்து நிறைந்த அந்தச் செடியிலிருந்து கிடைக்கும் கலந்தமின் என்னும் பொருள், ஞாபகசக்தி மங்கும் அல்ஸைமர் நோய்க்கு மருந்தாகத் தரப்படுகிறது.

துலிப்பிடம் நிதானமாக நிற்க வேண்டும். நவம்பரில் நடுவதற்கு முன் ஒரு கிழங்கை எடுத்து நெடுக்காக அறுத்துப் பார்த்தால், வெளியே காகிதம் போன்ற பழுப்புத் தோல். உள்ளே வெங்காயத்தில் இருப்பதைப் போலவே ஒன்றையொன்று தழுவிய வெள்ளைச் செதில்கள். எல்லாவற்றையும் கீழே தாங்கும் அடித்தட்டு. செதில்கள் என்பவை மாவுச்சத்தைச் சேமிப்பதற்காகத் தடித்துப்போன இலைகளே. நடுவில் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் ஒரு குருத்து; அந்தக் குருத்தை ஊசியால் விலக்கி லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஆறு இதழ்களும், ஆறு மகரந்தக் காம்புகளும், நடுவில் முக்கோணமாக ஒரு சூலகமும் சில மில்லிமீட்டர் உயரத்தில் சர்வ லட்சணங்களுடன் அமைந்திருக்கும். அதாவது பூ ஏற்கனவே உண்டாகிவிட்டது. அது எப்போது, எங்கே உண்டாயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பூ தயாராக இருந்தும் செடி குளிர்காலம் முழுவதும் எதற்காகக் காத்திருக்கிறது? குளிருக்காகத்தான். 5 பாகை முதல் 9 பாகை சென்டிகிரேடு வரையுள்ள தட்பத்தில் மூன்று மாதத்துக்குக் குறையாமல் மண்ணுக்குள் கிடந்தால்தான் துலிப்பின் தண்டு நீளும். அந்தக் காலத்தில் செதில்களிலுள்ள மாவுச்சத்து மெல்ல மெல்லச் சர்க்கரையாக மாறுகிறது. தண்டிலுள்ள அணுக்கள் ஆக்ஸின் என்னும் வளர்ச்சிச் சுரப்புக்குச் செவிசாய்க்கும் நிலையை அடைகின்றன. மார்ச் மாத வெயில் பட்டவுடன் தண்டு சரசரவென்று உயர்வது, புதிய அணுக்கள் பெருகுவதால் அன்று. இருக்கும் அணுக்கள் நீரை உறிஞ்சி நீள்வதால். குளிர் போதாத கிழங்கை வெப்பத்தில் நட்டால், இலைகளின் நடுவே குட்டையாகப் பூ கருகிவிடும். உல்லாசப் பிரயாணிகள் ஆசையோடு வாங்கிவந்து சென்னையில் தொட்டியில் நடும் கிழங்கு, சும்மா இலை விட்டு ஓய்ந்துபோவதன் காரணம் இதுவே. ஸ்ரீநகரில் 2007-ல் திறக்கப்பட்ட துலிப் தோட்டம் வருஷாவருஷம் பூத்துக் குலுங்குவதன் காரணமும் இதுவே.

காலை எட்டு மணிக்கு ஒரு வயலோரம் நிற்கிறவன், பகல் ஒரு மணிக்கு அதே வயலைப் பார்த்தால் வேறு வயலோ என்று மயங்குவான். காலையில் கூம்பியிருந்த பூக்கள் வெயில் ஏறியதும் கிண்ணமாக விரிந்து, உள்ளே மறைந்திருந்த கறுப்பு அடிப்புள்ளிகளையும் மகரந்தத்தையும் காட்டும். மாலையில் மறுபடி கூம்பும். ஒளியைவிட வெப்பமே இதற்கு முக்கியம். இதழின் உட்பக்கத்து அணுக்கள் மிக வேகமாக வளரும் வெப்பநிலை, வெளிப்பக்கத்து அணுக்கள் மிக வேகமாக வளரும் வெப்பநிலையைவிடச் சுமார் பத்துப் பாகை உயர்ந்தது. ஆகவே வெப்பம் ஏறினால் உட்பக்கம் முந்திக்கொண்டு நீண்டு இதழை வெளியே வளைக்கிறது. குளிர்ந்தால் வெளிப்பக்கம் முந்திக்கொண்டு உள்ளே வளைக்கிறது. கதவின் கீலைப்போல் போவதும் வருவதுமான அசைவு என்று நினைத்துவிடக் கூடாது: ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் மெய்யாகவே வளர்ந்துவிடுகிறது, வளர்ந்தது குறைவதில்லை. அதனால்தான் முதல் நாள் பார்த்த பூவைவிடப் பத்தாம் நாள் பூ பெரியதாக இருக்கிறது. கையால் ஒரு பூவைப் பொத்திக்கொண்டு சற்று நேரம் நின்றால் கூட அது இளகத் தொடங்கும் என்பதைச் சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு எவரும் சோதித்துப் பார்க்கலாம், வயலுக்குள் கால் வைக்காமல். ஏனென்றால் பிறர் காலணியில் ஒட்டிவரும் நோய்க்கு அந்த விவசாயிகள் மிகவும் அஞ்சுகிறார்கள்.

கறுப்புத் துலிப் என்று பேர் பெற்ற 'இரவின் ராணி' ரகம் எங்கேனும் எதிர்ப்பட்டால், அதை வெயிலில் சற்றுச் சாய்வாகப் பார்க்க வேண்டும். கருஞ்சிவப்பின்மேல் நீலமும் பச்சையும் பளபளத்து ஓடும். அந்தப் பளபளப்பு எந்தச் சாயத்திலும் இல்லை. இதழின் மேல்தோலில் இணை இணையாக ஓடும் மிக நுண்ணிய வரிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. 2009-ல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் இதைக் கண்டறிந்ததோடு, இத்தகைய பளபளப்பை வண்டுத்தேனீக்கள் கற்றுக்கொண்டு அடையாளம் காணக்கூடும் என்றும் சோதித்துக் காட்டினார்கள்.

ஒரு பாத்தியிலுள்ள ஆயிரமாயிரம் செடிகளும் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில், ஒரே நாளில் பூப்பதைக் கண்டு விவசாயியின் கைத்திறனை மட்டும் மெச்சுகிறோம். உண்மை என்னவென்றால், அவை ஆயிரம் செடிகள் அல்ல. விதையிலிருந்து வளர்த்தால் துலிப் பூக்க ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும்; தாயைப் போலவும் இராது. ஆகவே ஒரு ரகத்தைக் குட்டிக் கிழங்கு மூலமே பெருக்குகிறார்கள். பாத்தி முழுவதும் ஒரே செடியின் பிரிந்த அங்கங்கள். லிஸ்ஸெயைச் சேர்ந்த லெஃபேபர் 1951-ல் வெளியிட்ட சிவப்பு 'ஆப்பெல்டோர்ன்' ரகம் எத்தனை வயல்களில் நின்றாலும், பரம்பரைக் குணத்தில் அது தனி ஒரு செடிதான். 1750 முதல் பயிராகிவரும் 'கைஸர்ஸ்க்ரோன்' என்னும் சிவப்பு மஞ்சள் ரகத்தை இன்றும் காணலாம். முன்னோர்களின் சந்ததி என்று அதைச் சொல்ல முடியாது, அந்தப் பழைய செடியே இன்னும் உயிரோடு இருக்கிறது.

இந்த ஒழுங்கைக் குலைக்கும் ஒன்று உண்டு. பாத்தியின் நடுவே, நீலச் சட்டையும் தொப்பியுமாக ஒருவர் குனிந்த தலை நிமிராமல் மெல்ல நடந்து, அவ்வப்போது ஒரு செடியைக் கிழங்கோடு பிடுங்கிப் பையில் போடுவதைக் காணலாம். அவர் தேடுவது, இதழில் தீக்கொழுந்து போல் வரியோடிய பூக்களை. நானூறு வருஷத்துக்கு முன் இதே வரியோடிய பூக்களுக்காகத்தான் ஹாலந்தில் செல்வர்கள் மதி மயங்கினார்கள். வெள்ளையில் சிவப்பு வரியோடிய 'செம்பர் அகுஸ்டுஸ்' ரகத்தின் ஒரு கிழங்குக்குச் சொன்ன விலை இன்றும் பேசப்படுகிறது. சாதாரணச் செடியொன்று திடீரென ஒரு வசந்தத்தில் வரியோடுவது ஏன் என்று எவருக்கும் விளங்கவில்லை; மண்ணில் சாயத்தைக் கலந்து பார்த்தவர்களும், இரண்டு நிறக் கிழங்குகளைப் பாதி பாதியாக வெட்டிக் கட்டியவர்களும் உண்டு. வரியோடிய செடி வருஷத்துக்கு வருஷம் நலிகிறது என்பதை மாத்திரம் குளூசியஸ் தம் காலத்திலேயே கவனித்து எழுதியிருக்கிறார்.

1928-ல் இங்கிலாந்தில் டோரத்தி கேலி என்ற பெண் விஞ்ஞானி, வரியோடிய கிழங்கின் துண்டை நல்ல கிழங்கில் ஒட்டவைத்து, நல்லதும் வரியோடச் செய்து, இது தொற்றக்கூடிய நோய் என்று நிரூபித்தார். நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். அதைச் செடிக்குச் செடி கொண்டு போவது அசுவினிப் பூச்சி. துலிப்பின் இதழில் அடிநிறம் வெள்ளை அல்லது மஞ்சள். அதன்மேல் தோலணுக்களில் ஆந்தோசயனின் என்னும் சிவப்புச் சாயம் படிகிறது. வைரஸ் சில அணுக்களில் இந்தச் சாயம் உண்டாவதைத் தடுத்துவிட, அங்கங்கே அடிநிறம் வெளிப்பட்டு வரியாகத் தெரிகிறது. சுத்த வெள்ளைத் துலிப்புக்கு நோய் வந்தால் பூவில் வரி தெரியாது என்பதும் இதனால் விளங்கும். துலிப் வியாபாரம் சூதாட்டமாக மாறியதற்கும் தாவர சாஸ்திரத்தில் காரணம் இருக்கிறது. கிழங்கு ஜூனிலிருந்து இலையுதிர்காலம் வரைதான் கைக்குக் கிடைக்கும். மற்றக் காலத்தில் மண்ணுக்குள் இருக்கும். ஆகவே குளிர்காலத்தில் விற்றதும் வாங்கியதும் காகிதத்தில் எழுதிய வாக்குறுதியைத்தான். 1637 பிப்ரவரியில் ஹார்லெமில் அந்த வாக்குறுதிகளை வாங்க ஆள் வராமல் போயிற்று. ஊரே திவாலாயிற்று என்று பிற்காலத்தார் எழுதியதெல்லாம் மிகை என்று இன்றைய சரித்திரக்காரர்கள் கருதுகிறார்கள்; எனக்கும் அதுவே சரியென்று படுகிறது, ஏனெனில் அதன் பிறகும் ஹார்லெம்காரர்கள் கிழங்கு வளர்ப்பதை விடவில்லை. இப்போது கடையில் விற்கும் வரித் துலிப்கள் பரம்பரைக் குணத்தால் வரியோடியவை. நோயால் வரியோடிய பழைய ரகங்களைப் பார்க்க வேண்டுமானால் ஹார்லெமுக்கும் வடக்கே லிம்மென் கிராமத்திலுள்ள கிழங்குத் தோட்டத்துக்குப் போக வேண்டும். 1928-ல் தொடங்கிய அந்தத் தோட்டத்தில் மற்றச் செடிகளுக்குத் தொற்றாதபடி அவற்றைத் தனித்து வளர்க்கிறார்கள்.

லிஸ்ஸெக்கு அருகில் 1950 முதல் மக்களுக்குத் திறந்திருக்கும் கொய்கன்ஹோஃப் தோட்டத்தில் 32 ஹெக்டேரில் 70 லட்சம் கிழங்குகளை வருஷந்தோறும் கையால் நடுகிறார்கள். அழகானதுதான், ஆனால் அது கண்காட்சி; கூட்டமும் அதிகம். வேலி ஓரமாகவே சைக்கிளைத் திருப்பி வயல்களுக்குப் போய்விடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால் அங்கேதான் அந்தக் கொடுங்காட்சி நடக்கிறது: பூ முழு அழகோடு மலர்ந்து சில நாளானதும், வயல் மேல் ஓர் இயந்திரம் ஊர்ந்து சென்று தலைகளை மட்டும் வெட்டிக்கொண்டு போகும். மலர்ந்த பூவைப் பார்த்து ரகமும் நோயும் சோதித்தாகிவிட்டது. இனிப் பூவை விட்டுவைத்தால் செடி விதையை வளர்க்கத் தன் ஆகாரத்தைச் செலவிடும். உதிரும் இதழ்கள் இலைமேல் ஒட்டி அழுகினால், துலிப்பின் கொள்ளைநோயான பூஞ்சணமும் அதில் பற்றிக்கொள்ளும். முன்காலத்தில் வாய்க்கால் ஓரங்களில் மலைமலையாகக் குவிந்த பூக்களைக் கிராமத்துப் பிள்ளைகள் நூலில் கோத்து மாலையாக்கி வழிப்போக்கர்களுக்கு விற்பார்கள். அதை மோட்டாரின் முகப்பிலும் சைக்கிள் கைப்பிடியிலும் கட்டிக்கொண்டு ஊர் திரும்புவது அக்காலத்து நாகரிகமாக இருந்தது.

தலை போன செடியில் இலை இன்னும் ஐந்தாறு வாரம் பச்சையாக நின்று உழைக்கும். அந்த உழைப்பின் பலன் முழுவதும் மண்ணுக்குள் போகிறது. ஆனால் நட்ட கிழங்குக்கு அல்ல. நட்ட கிழங்கின் செதில்கள் பூவையும் இலையையும் வளர்ப்பதிலேயே வற்றிச் சருகாகிவிட்டன. அவற்றின் இடுக்குகளிலிருந்த மொட்டுக்கள் மூன்று நான்கு புதுக் கிழங்குகளாகத் திரளுகின்றன. ஜூன், ஜூலையில் தோண்டியெடுப்பது இவற்றைத்தான். சல்லடையில் சுற்றளவு பார்த்துப் பிரித்து, சுமார் 11, 12 சென்டிமீட்டரும் அதற்குமேலும் உள்ளவற்றை விற்றுவிட்டு, சிறியவற்றை மறு வருஷம் நடுவதற்கு வைத்துக்கொள்கிறார்கள். காலியான வயலில் சிலர் ஆறு முதல் எட்டு வாரம் வரை முழங்காலுக்குக் கீழ் நீரை நிறுத்துவார்கள். பிராணவாயு கிடைக்காமல் மண்ணிலுள்ள நூற்புழுக்களும் பூஞ்சணங்களும் களைவேர்களும் மடிந்துபோகும், விஷ மருந்து தெளிக்கும் அவசியம் குறையும். ஏப்ரலில் வர்ணங்களைப் படம் பிடித்துக்கொண்டு போனவர்கள் இந்த நாளில் வந்தால் நீர்ப்பறவைகளைத்தான் பார்க்கலாம்.

பூ உண்டாவது இப்போதுதான். தோண்டிய கிழங்கு வேரும் இல்லாமல், இலையும் இல்லாமல், விவசாயியின் கிடங்கில் மரத்தட்டுக்களில் கிடக்கும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், அதன் உள்ளே நுனிமொட்டு இலை உண்டாக்குவதை நிறுத்திவிட்டு இதழையும் மகரந்தத்தையும் சூலகத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக உண்டாக்குகிறது. 17 பாகையிலிருந்து 20 பாகை வரையுள்ள வெப்பம் இதற்கு உகந்தது என்பதை, வாகெனிங்கனில் பிளாவ் என்ற பேராசிரியர் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் ஆயிரக்கணக்கான கிழங்குகளை அறுத்து நிர்ணயித்தார். கிடங்கில் காற்றோட்டம் ஓயக் கூடாது: ஒரு கிழங்கில் ஃபியூஸேரியம் என்னும் பூஞ்சணம் பிடித்தால் அதிலிருந்து எத்திலீன் வாயு கிளம்பும், நல்ல நிலையிலுள்ள பக்கத்துக் கிழங்குகளிலும் அந்த வாயு பிஞ்சுப் பூவைக் கருக்கிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கிறிஸ்துமஸுக்கும் ஜனவரிக்கும் பூ வேண்டும் என்று கேட்கும் வியாபாரிக்காகக் கிழங்கை முன்கூட்டியே குளிர்சாதன அறைக்கு அனுப்ப வேண்டியிருந்தால், ஒவ்வொரு குவியலிலிருந்தும் சிலவற்றை எடுத்து அறுத்து, குருத்தை விலக்கி, லென்ஸில் பார்ப்பார்கள். ஆறு இதழும் ஆறு மகரந்தக் காம்பும் தெரிந்தால் போதாது. நடுவிலுள்ள சூலகத்தின் மூன்று மடல்களும் தெரிய வேண்டும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஜி' நிலை. அந்த மூன்று மடலைக் கண்ட பிறகே குளிர்சாதனத்தை ஓட விடுவார்கள்.